கண்ணாடி போட்ட களவா

ஜூலை 10, வியாழன். பினாங்கு

வந்து சேர்ந்தாயிற்று. விமானத்தில் ஜன்னல் ஓர இருக்கையை ஜெசிந்தாவுக்கே விட்டுக்கொடுத்தேன். "நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா" என்றார். "இல்ல இல்ல, நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா" என்றேன். இப்படி மாற்றி மாற்றி உபசரித்துக்கொண்டிருந்ததில் எங்களுக்குப் பின்னால் பாதி விமானம் நின்றுவிட்டது. பணிப்பெண் வந்து அவரை உள்ளே தள்ளாத குறையாக உட்காரவைத்தாள். எனக்கு நடு இருக்கை. விட்டுக்கொடுப்பது என் சுபாவம்.

இந்தப் பயணம் பிள்ளைகள் கொடுத்த பரிசு. என் மகன் குற்றாலநாதனும் ஜெசிந்தாவின் மகள் ஷெர்லினும் பெங்களூரில் இருக்கிறார்கள். அக்டோபரில் குழந்தை. பிறந்ததும் ஒரு வருஷம் கூட இருந்து பார்த்துக்கொள்ள இரண்டு அம்மாக்களில் ஒருவர் வேண்டும். "யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்கம்மா. எங்கயாவது போய் நிம்மதியா பேசுங்க" என்று டிக்கெட்டை அனுப்பிவிட்டான்.

இதில் பேச என்ன இருக்கிறது? பிரசவம் பெண் வீட்டார் பொறுப்பு என்பது ஊரறிந்தது. ஜெசிந்தா தூத்துக்குடியில் தனியாக இருக்கிறார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கை கால் திடம். குழந்தையோடு இருந்தால் பொழுதும் போகும். அவர் நன்மைக்காகத்தான் யோசிக்கிறேன். எனக்குத் திருநெல்வேலியில் தலைக்கு மேல் வேலை. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஓய்வென்பதே இல்லை. மத்தியானம் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருக்க முடிகிறது.

விமான நிலையத்தில் டாக்சி, வழி, விடுதிச் சாவி எல்லாம் ஜெசிந்தா பார்த்துக்கொண்டார். பெட்டிகளை நான் பொறுப்பாகக் காவல் காத்தேன். அதில் ஒரு பெட்டி யாரோ ஒரு கொரியாக்காரருடையது என்பது பிறகு தெரிந்தது.

விடுதியில் காபி கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்தேன். திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் ஜார்ஜ் டவுன் தெருக்கள். பழைய சீனக் கடைவீடுகள், சுவரெங்கும் சித்திரம், எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதன் முன்னால் நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சாயங்காலம் தள்ளுவண்டிக் கடைகள். நான் சைவம். சாதாரண சைவம் அல்ல, முட்டை உடைத்த கரண்டியைக்கூடத் தொடாத சைவம். முப்பது வருஷம் தவளையும் கரப்பானும் அறுத்துப் பாடம் நடத்தியது தொழில், அது வேறு. ஆகவே பழம்தான் பத்திரம் என்று ரோஜாக் வாங்கினேன். மாங்காய், வெள்ளரி, அன்னாசி எல்லாவற்றையும் வெட்டிப் போட்டு, மேலே தார் மாதிரி கரிய குழம்பு ஊற்றி, வேர்க்கடலைத் தூள் தூவித் தருகிறார்கள். அடடா! புளிப்பும் இனிப்பும் உறைப்பும் ஒன்றாக வந்து நாக்கில் உட்காருகின்றன. பின்னால் இன்னொரு ருசி, பெயர் சொல்ல முடியாத ஒரு கம்பீரமான ருசி.

ஜெசிந்தா குனிந்து மோந்துபார்த்தார். "சம்பந்தியம்மா, அந்தக் குழம்புல வந்து…" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரே இரைச்சல். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "இறா…" என்று என்னவோ சொன்னார். ராத்திரி என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு தட்டு வாங்கினேன்.

சாப்பிடும்போது பெங்களூர்ப் பேச்சு எடுத்தேன். "உங்களுக்கு உப்புக்காத்து ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே. பெங்களூர் குளிர்ச்சியா உங்க உடம்புக்கு அருமையா இருக்கும்" என்றேன்.

"நான் பொறந்ததே உப்புக்காத்துலதான் சம்பந்தியம்மா" என்றார் அவர். "உங்களுக்குத்தான் வேர்க்குரு வரும்னு நாதன் சொன்னாரு. பெங்களூர்ல வேர்க்குருவே வராதாம்."

பழகுவதற்கு இனிமையானவர். கொஞ்சம் சூது.

ஜூலை 12, சனி

வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போன். சுக்குப்பொடி எங்கே என்று கேட்டார். சொன்னேன். அங்கே இல்லை என்றார். கண்ணுக்கு நேரே இருக்கும் என்றேன். ஆமாம், இருக்கிறது என்றார். இவரைத் தனியே விட்டுவிட்டு நான் பெங்களூர் போக முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சத்தமாகப் பேசினேன். ஜெசிந்தா பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

இங்கே ஞாயிறுதோறும் ஓவியச் சந்தை கூடுகிறது. கூரை பிரித்த ஒரு பழைய பட்டறையின் முற்றத்தில் வரிசையாக மேசை போட்டு, வரைந்தவர்களே நின்று விற்கிறார்கள். முக்கால்வாசி பூனைப்படம். தூங்கும் பூனை, ஜன்னலில் பூனை, சைக்கிளில் பூனை. காலை எட்டு மணிக்கே ஜெசிந்தா புடவை கட்டித் தயாராகிவிட்டார். இரண்டு முறை புடவை மாற்றினார். ஒரு சந்தைக்கு இவ்வளவு ஆயத்தமா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நின்று பார்த்தது ஒரே ஒரு கடையில்தான். தவமணி என்று ஒரு பினாங்குத் தமிழ்ப் பெண், ஐம்பது வயது இருக்கும், தலைமுடியைக் குட்டையாக வெட்டி, காதில் வெள்ளி வளையம் போட்டிருக்கிறாள். கடை முழுக்க மீன் படம். மீனென்றால் வெறும் மீன் இல்லை. பேருந்துக்கு நிற்கும் வாளைமீன். தேவாலயத்தில் முக்காடு போட்டு ஊர்வம்பு பேசும் மூன்று சாளை. ஓய்வூதிய அலுவலகத்தில் தூங்கும் சுறா. எனக்கே சிரிப்பு வந்தது.

நடுநாயகமாக ஒரு பெரிய களவா மீன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. மூக்கில்லாத முகத்தில் தங்க ஃபிரேம் கண்ணாடி சரிந்து நிற்கிறது. நெற்றியில் திருநீறு. ஒரு துடுப்பில் டபராவைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, காபியை முகர்ந்து பார்க்கிறது. கீழே தலைப்பு: 'டிகிரி காபியா இது?'

எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. எங்கள் பழைய பிரின்ஸிபால் சாயல். அந்த அம்மாளுக்கும் இதே அகம்பாவம்.

"வரைஞ்சது யாரு? உயிரியல் சுத்தமா தெரியலையே" என்று தவமணியிடம் சொன்னேன். "மார்புத் துடுப்பு இவ்வளவு கீழ வராது. அதைவிட, மீனுக்கு இமை கிடையாது. இது இமையைச் சுருக்கிக்கிட்டுப் பார்க்குது பாருங்க."

"அப்படியா! சொல்லிடறேன் லா" என்றாள் தவமணி. என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "வரையறவங்க இந்தியாதான். தூத்துக்குடி பக்கம். அவங்க போன்ல படம் அனுப்புவாங்க, நான் இங்க பிரிண்ட் போட்டு விக்கிறேன். நல்லாப் போகுது."

"சம்பந்தியம்மா, உங்க ஊர்க்காரங்களாம்!" என்று திரும்பினேன். ஜெசிந்தா அங்கே இல்லை. நாலு கடை தள்ளி, பூனைப் படங்களை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிவந்திருந்தது. வெயில்.

ஜூலை 14, திங்கள்

வயிறு லேசாக மந்தம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெசிந்தா, "ஒரு மருந்துக்கடை இருக்காம், வாங்க" என்று கூட்டிப்போனார்.

பழைய சீன நாட்டுமருந்துக் கடை. கண்ணாடிச் சாடிகளில் வேர், பட்டை, காய்ந்த காளான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஆளே இல்லை. ஜெசிந்தா நேராகப் போய் ஓர் இழுப்பறையை இழுத்தார். சுவரே கதவாகத் திறந்துகொண்டது! உள்ளே மங்கிய சிவப்பு வெளிச்சம், பாட்டு, உயர்ந்த நாற்காலிகள், அடுக்கடுக்காகப் பாட்டில்கள்.

"இது என்ன இடம் சம்பந்தியம்மா?"

"மருந்துக்கடையோட உள்பக்கம்" என்றார் முகம் மாறாமல்.

ஜாதிக்காய் ஜீரணத்துக்கு நல்லது. கவுண்டரில் இருந்த சீனப் பெண் ஜாதிக்காய்ச் சாறு கலந்து கொடுத்தாள். கூடவே தெளிந்த நீர் போல என்னவோ ஊற்றினாள். கிருமிநாசினியாக இருக்கலாம். வயிற்றுக்கு உடனே இதமாக இருந்தது. மருந்தை அரைகுறையாக விடக்கூடாது என்பதால் இரண்டாவதும் சாப்பிட்டேன். ஜெசிந்தாவுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை, துணைக்குச் சாப்பிட்டார்.

"அந்தக் களவா படம் உங்களுக்குப் புடிக்கவே இல்லையா?" என்று திடீரென்று கேட்டார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. களவாவைப் பத்தி வரைஞ்சவங்களுக்குத் தெரியல. களவா பொறக்கும்போது எல்லாம் பொண்ணு. வயசாகி உடம்பு பெருத்தா ஆம்பளையா மாறிரும். மாறி, அந்தப் பாறையையே அதிகாரம் பண்ணும்."

ஜெசிந்தா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தோள் குலுங்கியது. "அப்படின்னா அவங்க சரியாத்தான் வரைஞ்சிருக்காங்க மைனி" என்றார்.

மைனி! சம்பந்தியம்மா போய் மதினி முறை, பிள்ளைகளுக்குக் கல்யாணமான மூன்று வருஷத்தில் முதல் தடவை. நானும் என்ன நினைத்தேனோ, "ஆமா மைனி" என்றேன். வெளியே வரும்போது எந்த இழுப்பறையை இழுப்பது என்று தெரியாமல் ஏழெட்டை இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் இழுப்பறையே இல்லை, சாதாரணக் கதவு, தள்ளினால் போதும் என்று சீனப் பெண் வந்து காட்டினாள். நான் இழுத்ததெல்லாம் ஐஸ் பெட்டி.

ஜூலை 15, செவ்வாய்

தலைவலி. தண்ணீர் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 16, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் முக்குக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஜெசிந்தா ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும், நான் ரொட்டி மட்டும். காபி வந்தது. டம்ளரைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனேன். கண்ணாடி கொஞ்சம் சரிந்தது. உதட்டைக் குவித்து முகர்ந்தேன்.

யாரோ "அல்லாமா!" என்று கத்தினார்கள். தவமணி. கடைக்கு ரொட்டி வாங்க வந்தவள், பையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கை நீட்டுகிறாள்.

"நீங்கதானா அது! ஞாயித்துக்கிழமையே எனக்குச் சந்தேகம் லா! அக்கா, சொல்லவே இல்ல பாத்தீங்களா! அப்படியே அந்த மீனு!"

'அக்கா' என்று அவள் கூப்பிட்டது என்னை இல்லை. ஜெசிந்தாவை.

ஜெசிந்தா மஞ்சள் கரு வழியும் கரண்டியோடு சிலையாகிவிட்டார். எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. தூத்துக்குடி. சாளை மீன்களின் முக்காடு. மூன்று வருஷத்துக்கு முன் பெண் கேட்கப் போன அன்று, அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காபியை முகர்ந்து பார்த்து, "டிகிரி காபியா இது?" என்று நான்தான் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

"எத்தனை பேர் வாங்கினாங்க?" என்று தவமணியிடம் கேட்டேன்.

அவளுக்கு நிலைமை இன்னும் புரியவில்லை. "அதுதான் நம்ம கடையிலயே பெஸ்ட் செல்லர்!" என்றாள் உற்சாகமாக. "ஆஸ்திரேலியாவுக்கெல்லாம் போயிருக்கு!"

எழுந்து வந்துவிட்டேன். காபியைக் குடிக்கவில்லை. நல்ல காபி வேறு.

ஜூலை 17, வியாழன்

பேச்சு இல்லை. அவர் "குளிக்கப் போறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் "கதவைச் சாத்தணும்" என்று மின்விசிறியிடம் சொன்னேன்.

தனியாகக் கிளம்பினேன். எனக்கென்ன, தனியாக ஊர் சுற்றத் தெரியாதா? அரை மணி நேரத்தில் தொலைந்துபோனேன். ஒரு தெருவில் செண்டோல் விற்றான். தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் ஐஸும் பச்சைப் புழுக்களைப் போல மாவு உருட்டலும். ருசித்தது. "இதைக் கொஞ்சம் பாருங்க மைனி" என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் பணிவாகப் பார்த்தார்.

சாயங்காலம் வயிறு சரியில்லாததால் மருந்துக்கடைக்குப் போக வேண்டியதாயிற்று. சரியான இழுப்பறை முதல் தடவையே கைக்கு வந்தது. உள்ளே கடைசி நாற்காலியில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தார். அழுதிருக்கிறார் என்று மூக்கு சொல்லியது.

ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தேன்.

"திட்டணும்னா திட்டிருங்க மைனி" என்றார்.

"இமை இருக்கக்கூடாது" என்றேன். "மீனுக்கு இமை கிடையாது. அதைத்தான் என்னால பொறுக்க முடியல."

"மாத்திடுதேன்."

"ஆஸ்திரேலியா வரைக்கும் போனப்புறம் எங்க மாத்த?"

பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த காலத்தில் ராத்திரி பகல் கூட இருந்தவர், பொழுது போகாமல் மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் கிறுக்கத் தொடங்கினாராம். அவர் போன பிறகு வீட்டின் முன்னறையைக் காலிசெய்து, மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வரைகிறார். யாருக்கும் தெரியாது. "ஷெர்லினுக்குத் தெரிஞ்சா சிரிப்பா. அம்மாவுக்குப் பொழுதுபோக்குன்னு சொல்லுவா. அந்த வார்த்தையை என்னால தாங்க முடியாது மைனி. காலையில எந்திரிச்சா அந்த அறைக்குள்ள போகணும்னு உடம்பு பரபரங்குது. பெங்களூருக்குப் போனா நான் அங்க எந்த அறைக்குப் போவேன்?"

"அதைச் சொல்லியிருந்தா நான் உங்களைப் போகச் சொல்லியிருக்க மாட்டேனே" என்றேன்.

"நீங்க ஏன் போக மாட்டேங்குறீங்க? உண்மையைச் சொல்லுங்க. சுக்குப்பொடியைச் சொல்லாதீங்க."

யோசித்தேன். உப்புக்காற்று, வேர்க்குரு, வீட்டுக்காரர், முழங்கால் என்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

"இஷ்டமில்ல" என்றேன். "காரணமே இல்ல. மத்தியானம் தூங்கணும். சாயங்காலம் இவரோட பேசாம உக்காந்து டிவி பாக்கணும். அந்தப் பிள்ளை மேல எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஒரு வருஷம் போய் இருக்க மட்டும் இஷ்டமில்ல."

"காரணம் இல்லாம இஷ்டமில்லாம இருக்கலாமா மைனி?"

"இருக்கலாம்னுதான் நினைக்கேன். இதுவரைக்கும் யாருகிட்டயும் கேட்டுப் பாக்கல."

இடையில் இருந்த நாற்காலிக்கு நகர்ந்தேன். மருந்து வந்தது. இனிமேல் இதை மருந்து என்று எழுதுவதை நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன். ஜின்.

ஜூலை 18, வெள்ளி

நாளை பிள்ளைகளிடம் வீடியோவில் சொல்லிவிடுவது என்று முடிவு. இருவருமே ஒரு வருஷம் தங்க வரவில்லை. நான்தான் பேச வேண்டும். வகுப்பெடுத்த குரல் என்பதால்.

நாள் முழுக்க ஒத்திகை. லக்சா நூடுல்ஸ் கடையில் ஒத்திகை. (எனக்கு மீன் இல்லாமல் கேட்டேன். மீனை எடுத்துவிட்டுத் தந்தார்கள். குழம்பைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.) ஜெசிந்தா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"காரணம் மட்டும் சொல்லிடாதீங்க மைனி. காரணம் சொன்னா அதுக்கு ஒரு பரிகாரம் சொல்லுவாங்க. முட்டு வலின்னா லிஃப்ட் இருக்கும்பாங்க. வீட்டுக்காரரைப் பாத்துக்கணும்னா அவரையும் கூட்டிட்டு வாங்கம்பாங்க. டெலிபோன்ல இத்தனை வருஷம் புகார் கேட்டவ சொல்லுதேன், விளக்கம் கொடுத்தா மாட்டிக்கிட்டோம்."

நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். ஷெர்லின் அழுதால் ஜெசிந்தா விழுந்துவிடக்கூடாது. என் மகன் முகத்தைத் தொங்கப்போட்டால் நான் விழமாட்டேன். அவனுடைய சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துவருகிறேன்.

ஜூலை 19, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குப் போன் போட்டோம். திரையில் நாதனும் ஷெர்லினும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஷெர்லின் வயிறு நன்றாகத் தெரிகிறது. முகம் களைத்திருந்தது. எனக்கு நெஞ்சு இளகியது. ஜெசிந்தா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினார்.

"நாங்க ரெண்டு பேரும் நல்லா யோசிச்சோம்" என்று ஆரம்பித்தேன். "குழந்தை பொறக்கும்போது ரெண்டு பேரும் வருவோம். பாத்துட்டு, பத்தியம் பண்ணிப் போட்டுட்டு, வந்துருவோம். ஒரு வருஷம் தங்குறதுக்கு எனக்கு இஷ்டமில்ல. ஷெர்லின் அம்மாவுக்கும் இஷ்டமில்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஷெர்லின் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அப்பாடா!" என்றாள்.

அடுத்த நிமிஷமே வாயைப் பொத்திக்கொண்டாள். நாதன் மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

"ஏட்டி, அப்பாடாவா?" என்றார் ஜெசிந்தா.

"இல்லம்மா… அது வந்து…"

நாதன்தான் சொன்னான். அவர்கள் வீட்டு மாடியிலேயே குழந்தை பார்த்துக்கொள்ளும் நல்ல அம்மாள் ஒருவர் இருக்கிறாராம். ஜூன் மாசமே பேசிவைத்துவிட்டார்களாம். ஒரு அம்மாவைக் கூப்பிட்டால் இன்னொரு அம்மாவுக்குக் கோபம், யாரையும் கூப்பிடாவிட்டால் இரண்டு பேருக்கும் கோபம், ஆகவே கூப்பிட்ட மாதிரியும் இருக்க வேண்டும், யாரும் வராமலும் இருக்க வேண்டும். "உங்க ரெண்டு பேரையும் ஒரே அறையில பத்து நாள் போட்டா, சண்டை போட்டுக்கிட்டு ரெண்டு பேருமே வரலைன்னு சொல்லிருவீங்கன்னு நினைச்சோம்மா" என்றான். சிரித்தான். "ஆனா இவ்வளவு ஒத்துமையாச் சொல்லுவீங்கன்னு எதிர்பார்க்கல."

"ரொம்ப சந்தோஷம்" என்று போனை வைத்தேன்.

இருவரும் கட்டிலில் உட்கார்ந்தோம்.

"வேண்டாமாமே!" என்றார் ஜெசிந்தா.

"அப்பாடான்னா என்ன அர்த்தம்? நாம என்ன, காய்ச்சலா விட்டுப்போறதுக்கு?"

"என் பேரப்பிள்ளையைப் பாத்துக்க என்னைவிட அந்த மாடிக்காரிக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு அறை இருக்கு, நீங்க வரையணும். நான்தான் போகணும். போய் அந்த வீட்டுல ஒரு வருஷம் உக்காந்து காட்டணும்!"

"நீங்க எதுக்கு? பிரசவம் பொண்ணு வீட்டுப் பொறுப்பு. நான் போறேன்!"

"அதெப்படி நீங்க போவீங்க? என் மகன் வீடு!"

பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். அப்போதுதான் என்ன சண்டை போடுகிறோம் என்று எங்களுக்கே உறைத்தது. ஜெசிந்தா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. புழுக்கம்.

ஜூலை 20, ஞாயிறு

கடைசி நாள். சந்தைக்குப் போனோம். இந்தத் தடவை ஜெசிந்தா பூனைப் பக்கம் ஒதுங்கவில்லை. மேசைக்குப் பின்னால், தவமணிக்கு அருகில் நின்றார். வரைந்தவர் இவர்தான் என்று தவமணி ஒவ்வொருவரிடமும் சொல்ல, அவர் ஒவ்வொரு முறையும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

என்னைக் களவாவுக்கு அருகில் உட்காரவைத்தார்கள். நான் சம்மதிக்கவில்லை, நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். யாரோ ஒரு டம்ளர் காபி கொடுத்தார்கள். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. ஒரு பிரெஞ்சுப் பெண் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்துக் கைதட்டினாள். மத்தியானத்துக்குள் அந்தப் படம் அத்தனையும் தீர்ந்துவிட்டது. "நீங்க வாரா வாரம் வந்து உக்காந்தா நான் வீடே வாங்கிருவேன் லா" என்றாள் தவமணி.

சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. இன்னும் இரண்டு வாரம் தங்கி, இங்கேயே உட்கார்ந்து பினாங்கு மீன்களை வரைந்தால் என்ன என்று தவமணி ஜெசிந்தாவைக் கேட்டாள். தன் வீட்டு மாடியில் வெளிச்சமான அறை ஒன்று சும்மா கிடக்கிறதாம்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். "இருக்கட்டுமா மைனி?"

"உங்க இஷ்டம்" என்றேன். "என்னைக் கேட்டா?"

"நீங்கதான் வீட்டுல சொல்லணும். நான் சொன்னா ஷெர்லின் சிரிப்பா. நீங்க சொன்னா சிரிக்கமாட்டா. உங்களைக் கண்டா அவளுக்குப் பயம்."

இப்படி ஒரு மரியாதையை எனக்கு இதுவரை யாரும் செய்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டு, பெட்டி கட்ட வேண்டும் என்று முன்னாலேயே அறைக்கு வந்துவிட்டேன். கட்டி முடித்துவிட்டு, வேறு வேலை இல்லாததால், பிரித்துத் திரும்பக் கட்டினேன்.

ஜூலை 21, திங்கள். சென்னை

விமானத்தில் பக்கத்து இருக்கை காலி. வசதியாகக் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். மிகவும் வசதி. சாப்பாடு வந்தபோது அந்தப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லப்போய், தும்மல் மாதிரி மாற்றிக்கொண்டேன்.

நாதன் பெங்களூரிலிருந்து காரோடு வந்திருந்தான். சனிக்கிழமை நடந்ததற்காக முகத்தை ஒரு மாதிரி வைத்திருந்தான். என் பின்னால் எட்டிப்பார்த்தான்.

"அத்தை எங்கம்மா?"

"அவங்களுக்கு அங்க வேலை இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வருவாங்க."

"வேலையா? அத்தைக்கா? என்ன வேலை?"

"படம் வரையறாங்க. ஓவியர். அங்க அவங்க படத்துக்கு நல்ல பேரு. ஆஸ்திரேலியாவுல எல்லாம் தொங்குது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உதடு விரிந்தது. நான் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலாக, கொஞ்சம் இமையைச் சுருக்கிப் பார்த்திருப்பேன் போலிருக்கிறது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"நிஜமாவாம்மா?" என்றான் மெதுவாக.

"ஷெர்லின்கிட்டயும் இப்பவே சொல்லு. பொழுதுபோக்குங்கிற வார்த்தை அவ வாயிலருந்து வரக்கூடாதுன்னு சேர்த்துச் சொல்லு."

பெட்டியை ஏற்றினான். கார் கிளம்பியது. மீனம்பாக்கத்தைத் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"நாதா, ஒரு யோசனை. அவங்க தனியா எப்படித் திரும்பி வருவாங்க?"

"அத்தைக்கு என்னம்மா? டாக்சி, டிக்கெட் எல்லாம் அவங்கதானே பாத்துக்கிட்டாங்க? நீங்கதான் கொரியாக்காரர் பெட்டியை…"

"இருக்கலாம். ஆனா சம்பந்தி மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? பொண்ணு கொடுத்தவங்களை வெளிநாட்டுல விட்டுட்டு நாம இங்க இருந்தா ஊர் என்ன பேசும்? ஒருத்தர் போய்க் கூட்டிட்டு வர்றதுதான் முறை. உனக்கு லீவு கிடைக்காது. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. வேற யாரு இருக்கா?"

அவன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். நான் வெளியே கத்திப்பாராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பம்மா போகணும்?"

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்றேன். "வெள்ளிக்கிழமைக்குப் போட்டாப் போதும்."